வேண்டாம் என்று சொன்ன வாய் எது?

குளிர் போக மனமில்லாமல் தெருமுனையில் தயங்கி நிற்கும் இந்தத் தை மாத மாலையில், இந்தக் காணும் பொங்கல் விழாவுக்குத் தலைமை ஏற்று, கத்திய பிள்ளைகளைக் கண்ணாலேயே அடக்கி அமர வைத்திருக்கும் மதிப்பிற்கும் கொஞ்சம் அச்சத்திற்கும் உரிய லீலா டீச்சர் அவர்களே! மேடைக்கு வலப்புறம் வெற்றிலைப் பெட்டியும் வெண்தலையுமாக வீற்றிருக்கும் வடக்குப்பட்டின் பெரியோர்களே! பொங்கல் பானை கழுவிய கையின் ஈரம் காயுமுன்னே புறப்பட்டு வந்துவிட்ட என் தாய்மார்களே! ஷிப்டு முடிந்து சட்டை மாற்ற நேரமில்லாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நிற்கும் அண்ணன்மார்களே! வேப்ப மரத்தின் மேல் இடம் பிடித்திருக்கும் தம்பிமார்களே, கிளை தாங்கும்வரை உங்களுக்கும் என் வணக்கம். நேற்றுக் கொம்புக்கு வர்ணம் பூசிய பெருமை குறையாமல் பந்தக்காலில் உரசிக்கொண்டிருக்கும் மாடுகளே, உங்களையும் விட்டுவிட்டால் என் மாமியார் என்னைச் சும்மா விடமாட்டார், உங்களுக்கும் வணக்கம்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். முன் வரிசையில், கம்பத்து ஓரமாக, தோளில் துண்டோடு, மேடையைப் பார்க்காமல் மேலே கட்டியிருக்கும் ஒலிபெருக்கியையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயரை நான் சொல்லக்கூடாது. சொல்லாமலே தெரியும் உங்களுக்கு. என் மாமனார். அவருக்கு எல்லோருக்கும் வைத்ததைவிட ஒரு பிடி கூடுதலாக வணக்கம் வைக்கிறேன்.

என்னை அறிவித்த மன்றத்துத் தம்பி, ‘அடுத்து இன்னார் வீட்டு மருமகள் பேசுவார்’ என்றார். எனக்குச் செந்தாமரை என்று ஒரு பெயர் இருப்பது நான் பிறந்த வாலாஜாபாத்துக்குத் தெரியும், வாழ வந்த வடக்குப்பட்டுக்கு இன்னும் தெரியவில்லை. பரவாயில்லை. பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிகளில் பரிசாக வாங்கிய எவர்சில்வர் டம்ளர்களில்தான் எங்கள் வீட்டில் இன்றைக்கும் எல்லோரும் மோர் குடிக்கிறார்கள். அது பேசிச் சம்பாதித்த டம்ளர் என்று குடிப்பவர்களுக்குத் தெரியாது.

எனக்குத் தந்த தலைப்பு ‘குடும்பம் ஒரு குதூகலம்’. பாட்டன் முதல் பேரப்பிள்ளை வரை பல தலைமுறை கூடி வாழும் வீட்டில் நடக்கும் வேடிக்கைகளைச் சொல்லிச் சிரிக்க வையுங்கள் என்றார்கள். சிரிக்க வைக்கிறேன். ஆனால் சிரிப்புக்குக் கீழே ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்த மேடை ஏறினேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாளைக் காலை நம்மூர் முனையில் ஒரு கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஒரகடம் பாதையில் புதிதாகத் திறந்திருக்கிறார்களே, மின்சார ஒயர்களைக் கட்டுக்கட்டாகப் பின்னிச் சேர்க்கிற கம்பெனி, அதன் பஸ். பெண்களை லைனில் நிற்க வைத்து வேலை கற்றுக் கொடுக்கிறார்கள். போன மாதம் என் வீட்டுக்காரரோடு போனேன். என் கை ஓட்டத்தைப் பார்த்த சூப்பர்வைசர் அம்மா, ‘பொங்கல் முடிந்ததும் வந்து சேர்ந்துகொள், அன்றைக்கு வராவிட்டால் அடுத்த பெண்ணை எடுத்துவிடுவோம்’ என்றார். அந்த பஸ்ஸில் நான் ஏற வேண்டும். ஏறுவதற்கு எனக்கு ஒரே ஒருவரின் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வேண்டும். அவரோ என் எதிரே உட்கார்ந்து ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கல்யாணம் ஆகி மூன்று பொங்கல் ஆயிற்று. இன்றுவரை அவரிடம் நான் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை.

கோபமா? இல்லை. குரோதமா? இல்லவே இல்லை. குறையா, குத்தமா, கொடுக்கல் வாங்கல் தகராறா? எதுவும் இல்லை. அது முறை, அவ்வளவுதான். மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை என்பது எங்கள் வீட்டு மரியாதை. உங்களில் பாதி வீட்டிலும் அதுதான் மரியாதை. அங்கே தலையைக் குனிந்து சிரிக்கிற அக்காமார்களைப் பார்த்தாலே தெரிகிறது. அவர் வாசலில் கனைத்தால் நான் அடுப்பங்கரைக்குள் போய்விடுவேன். நான் அடுப்பங்கரையில் பாத்திரத்தை உருட்டினால் அவர் வாசலுக்குப் போய்விடுவார். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவர் போக்குவரத்தை ஒருவர் கேட்டுக் கேட்டே வாழ்கிறோம். அவர் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அவர் முகத்தை நேராகப் பார்த்தது, உண்மையாகச் சொல்கிறேன், கல்யாணப் போட்டோவில்தான்.

ஆனால் பேசாமல் ஒரு வீடு நடக்குமா? நடக்காதே! சோறு வேக வேண்டும், வெந்நீர் காய வேண்டும், வேட்டி துவைக்க வேண்டும். அப்போது என்ன செய்வோம்? வந்த புதிதில் நான் கதவோடு பேசினேன். ‘சாப்பாடு ஆறிப்போவுது’ என்று அடுப்பங்கரைக் கதவிடம் சொல்வேன். ‘இதோ வர்றேன்’ என்று அவர் கொட்டகையிலிருக்கும் மாட்டிடம் சொல்வார். கதவும் மாடும் எவ்வளவு ஒற்றுமையாகக் குடும்பம் நடத்தின தெரியுமா? அவற்றுக்குள் ஒருநாளும் மனஸ்தாபம் வந்ததில்லை.

பிறகு என் மகள் நிலா பிறந்தாள். பிறந்ததும் எங்கள் வீட்டில் அவளுக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. கழுத்து நிற்காத குழந்தை, கண்ணை முழுதாகத் திறக்காத குழந்தை, அவள்தான் எங்கள் தபால்காரி. ‘நிலா, தாத்தாவாண்ட வெந்நீர் வெச்சாச்சுன்னு சொல்லு’ என்பேன். அவள் வாயில் விரலை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். திண்டில் சாய்ந்திருக்கும் தாத்தா எழுந்து குளிக்கப் போய்விடுவார். போகும்போது, ‘நிலா, உங்கம்மாவ கொழம்புல உப்பு கொஞ்சம் கம்மியா போடச் சொல்லு’ என்பார். குழந்தை ஏப்பம் விடும். மறுநாள் உப்பு குறைந்திருக்கும். உலகத்தில் எந்தத் தந்தி ஆபீஸ் இவ்வளவு வேகமாக வேலை செய்திருக்கிறது, சொல்லுங்கள்?

ஆனால் ஒரு சங்கடம். தபால்காரி தூங்கிவிட்டால் தபால் நின்றுவிடும். போன ஐப்பசியில் ஒரு மத்தியானம். நான் வாசலில் மிளகாய் காயப்போட்டுவிட்டு உள்ளே மாவு அரைத்துக்கொண்டிருக்கிறேன். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. வயலிலிருந்து மாமனார் ஓட்டமாக ஓடி வருகிறார். வந்து பார்த்தால் மாமியார் வீட்டில் இல்லை, மகன் ஷிப்டில், குழந்தை தூளியில் நல்ல தூக்கம். அவர் என்ன செய்தார்? மிளகாயை அள்ளினாரா? இல்லை, பெண்பிள்ளை காயப்போட்டதைக் கேட்காமல் தொடுவதாவது! ‘மழை வருது’ என்று குரல் கொடுத்தாரா? அதுவும் இல்லை. தூளியை ஆட்டினார். எழவில்லை. காலைக் கிள்ளினார். அவள் வீலென்று அலறி எழுந்ததும், மூச்சு வாங்க, ‘நிலா, மழ வருதுன்னு உங்கம்மாவாண்ட சொல்லு’ என்றார். அதற்குள் மழை தானே வந்து என்னிடம் சொல்லிவிட்டது. அந்த வருஷத்து மிளகாய் முழுதும் போயிற்று.

சிரியுங்கள், சிரியுங்கள். அவரும் துண்டால் முகத்தைத் துடைக்கிறார். தை மாதத்தில் வியர்வை ஏது? சிரிப்பைத்தான் துடைக்கிறார்.

என்ன பெரியப்பா சொல்கிறீர்கள்? ‘உங்க வூட்டுல மட்டும்தான் இப்பிடி’ என்றா? இல்லை பெரியப்பா. என் வீட்டுக்காரரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் சாம்சன் அண்ணன் படப்பையிலிருந்து இன்றைக்கு வந்திருக்கிறார். அதோ, சைக்கிள் பக்கத்தில். அவர் வீட்டுக் கதையை அவரே சொல்லி அனுமதியும் கொடுத்திருக்கிறார். அவர் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் குறை சொல்வதே இல்லை. சாயங்காலம் குடும்பமாக ஜெபம் செய்ய உட்காரும்வரைதான் அந்தச் சமாதானம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிப்பார்: ‘ஆண்டவரே, என் மகன் ஓவர்டைம் பார்த்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு டீக்கடையில உக்காராம நேரா வூடு வந்து சேர கிருபை செய்யும்.’ சாம்சன் அண்ணன் கண்ணை மூடியபடியே பதில் ஜெபம் போடுவார்: ‘ஆண்டவரே, என் தகப்பனுக்கு எதிர்வூட்டுக்காரங்க பேச்ச நம்பாத நல்ல மனச தாரும்.’ நடுவில் அம்மா, ‘ஆண்டவரே, ரெண்டு பேரும் சீக்கிரம் ஆமென் சொன்னா கொழம்பு ஆறாம இருக்கும்’ என்பாராம்.

இந்துவோ, கிறிஸ்தவரோ, வடக்குப்பட்டோ, படப்பையோ, வழி ஒன்றுதான். சொல்ல வேண்டியவரை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பவரிடம் சொல்கிறோம். மருமகளைத் திட்ட வேண்டுமென்றால் கோழியைத் திட்டுகிறோம். மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அம்மியில் ஓங்கி அரைக்கிறோம். புருஷன் மேல் கோபமென்றால் பிள்ளை முதுகில் ஒன்று வைக்கிறோம். எனக்குத் தீராத வியப்பு இது. கூடவே படுத்து, கூடவே எழுந்து, ஒரே பானைச் சோற்றைத் தின்கிற நாம், ஒருவரிடம் ஒருவர் நேராகப் பேசுவதற்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறோம்?

பழசையெல்லாம் பழித்துக் கைதட்டல் வாங்க நான் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. ‘உப்பு அதிகம்’ என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் வந்த புதிதில் நான் அழுதிருப்பேன். குழந்தையிடம் சொன்னதால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இடையில் ஓர் ஆள் நின்றால் சொல்லின் முனை மழுங்கிவிடுகிறது, குத்துவதில்லை. அதற்காகத்தான் முன்னோர் அப்படி வைத்தார்களோ என்னவோ! உப்புக்கும் வெந்நீருக்கும் அது போதும். ஆனால் ஒரு மனுஷியின் ஆசையைக் கேட்பதற்கு அது போதுமா? வாழ்க்கையில் ஒரு முறை வந்து நிற்கிற வாய்ப்பைச் சொல்வதற்கு அது போதுமா? அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

வேலை கிடைத்த அன்று ராத்திரியே என் வீட்டுக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன். ‘பொங்கல் முடிஞ்சதும் நான் வேலைக்குப் போவணும். எனக்கு ரொம்ப ஆச. உங்கப்பாவாண்ட கேட்டுச் சொல்லுங்க.’ இதுதான் நான் சொன்னது. அவர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அண்ணாதுரை என்று பெயர் வைத்தார்களே தவிர, பேச்சை அவருக்கு யாரும் வைக்கவில்லை. ஐயோ, பெயரைச் சொல்லிவிட்டேன். விடுங்கள், டீச்சர் சிரித்துவிட்டார், மன்னித்தது போலத்தான்.

அவர் அப்பாவிடமா போனார்? இல்லை. அப்பாவிடம் நேராகப் பேசும் வழக்கம் அவருக்கும் இல்லை! பிள்ளைக்கும் அப்பாவுக்கும் நடுவில் அம்மா. அம்மாவிடம் போய், ‘எம்மா, செந்தாமர எங்கியாவது வேலைக்குப் போனா இன்னான்னு யோசிக்கிது’ என்றார். என் ‘போவணும்’ எங்கே? அவருடைய ‘யோசிக்கிது’ எங்கே? சரி, அம்மா மனம் நோகாமல் சொல்கிறார் பாவம். என் மாமியார் முனியம்மாள் அதை எடுத்துக்கொண்டு மாமனாரிடம் போனார். மருமகளுக்கு வேலைக்குப் போக ஆசை என்று சொன்னால் வீட்டில் ஏதோ குறை என்று அவர் வருத்தப்படுவாரோ என்று அத்தைக்குப் பயம். கொஞ்சம் சர்க்கரை சேர்த்துச் சொன்னார்: ‘அந்தப் பொண்ணுக்கு வூட்ல பொழுது போவலயாம்.’

தாய்மார்களே, பொழுது போகாத மருமகளுக்கு ஒரு பாசமுள்ள மாமனார் என்ன செய்வார்? சினிமாவுக்கு அனுப்புவாரா? ரேடியோ வாங்கிக் கொடுப்பாரா? என் மாமனார் மறுநாள் விடிகாலை எழுந்து, யாரிடமும் சொல்லாமல் வாலாஜாபாத் பக்கம் போய், சாயங்காலம் ஒரு கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்! கன்றுக்குட்டியோடு. வாசலில் கட்டிவிட்டு, குரலெல்லாம் பூரிப்பாக, ‘நிலா, இனிமே உங்கம்மாவுக்கு நல்லா பொழுது போவும்னு சொல்லு’ என்றார்.

நான் என்ன சொல்வேன்? யாரிடம் சொல்வேன்? அன்றையிலிருந்து விடியுமுன்னே எழுந்து சாணி வாருகிறேன், தண்ணி காட்டுகிறேன், பால் கறக்கிறேன், கன்றைப் பிடித்துக் கட்டுகிறேன், அது என் புடவையை மெல்லுகிறது. பொழுதா போகவில்லை? பொழுது என் கண்ணிலேயே படுவதில்லை. வேலை கேட்டேன், வேலை கிடைத்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. எல்லோரும் என் மேல் வைத்த பாசத்தால்தான் அது நடந்தது. அந்தப் பாசத்தை நினைத்தால் கோபப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. சந்திரம்மாள் அக்கா, உங்களுக்கு ஏன் இப்படிச் சிரிப்பு வருகிறது? உங்களிடமும் வருகிறேன், பொறுங்கள்.

மாடு வந்து பத்துப் பதினைந்து நாள் போனதும் வீட்டுக்காரரிடம் கேட்டேன். ‘என் விஷயம் இன்னா ஆச்சு?’ அவர், ‘அப்பா வேணாங்கிறாராம்’ என்றார். ‘உங்களாண்ட சொன்னாரா?’ ‘இல்ல, அம்மா சொன்ன மாதிரி இருந்துச்சு.’ மாமியாரிடம் போனேன். ‘அத்தை, மாமா வேணாம்னாரா?’ ‘நான் எங்க சொன்னேன்? அவரு ஒத்துக்க மாட்டாருன்னு உன் வூட்டுக்காரன்தான் சொல்லிக்கினு இருந்தான்.’ தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் சந்திரம்மாள் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். ‘இன்னாமே, உன் மாமனாரு கம்பெனிக்கெல்லாம் போவக்கூடாதுன்னுட்டாராமே!’ ‘யாருக்கா சொன்னது?’ ‘ஊரே சொல்லுது.’ ‘ஊர்ல யாரு?’ அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு, ‘நான்தான் மொதல்ல சொன்னேன்னு நெனைக்கிறேன்’ என்றார்.

எனக்கு அன்றையிலிருந்து தூக்கம் இல்லை. வருத்தத்தால் இல்லை, வியப்பால்! ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை எங்கள் வீட்டுக்குள் நடமாடுகிறது. சாப்பிடும் இடத்தில் இருக்கிறது, படுக்கும் இடத்தில் இருக்கிறது, குழாயடிவரை போய்விட்டது. அதற்கு நாங்கள் எல்லோரும் கட்டுப்பட்டு நடக்கிறோம். ஆனால் அதைச் சொன்ன வாய் எது? மகனா? அவர் சொல்லவில்லை. மாமியாரா? அவரும் சொல்லவில்லை. மாமனாரா? அவரிடம் யாருமே கேட்கவில்லையே! கேட்காத கேள்விக்குப் பதில் எங்கிருந்து வந்தது? மாவு அரைத்தவர் யாரென்றே தெரியாமல் ஆளாளுக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தோம் பெரியோர்களே!

இன்று காலை, கறிக்குழம்புக்கு மசாலா அரைக்கும்போது, என் மாமியாரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அரைத்த மசாலாவைக் குழவியிலிருந்து வழித்தார். பிறகு, ‘இந்த வூட்ல வேணாம்ங்கிறது எப்பவும் இப்பிடித்தாம்மா வரும். யாரும் சொல்லாமயே வந்து உக்காந்துக்கும்’ என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை உங்களிடம் சொல்லப் போகிறேன். சொல்லச் சொன்னதும் அவர்தான்.

முன் வரிசையில் இருக்கிறவருக்கு அப்போது மீசை முளைத்த வயது. பம்புசெட் ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் கூடமாட இருந்து கை வேலை பழகியிருந்தார். இரும்பைத் தொட்டால் அவர் முகமே மாறிவிடுமாம். அந்த ரிப்பேர்க்காரர், ‘பெரம்பூர்ல எனக்குத் தெரிஞ்ச பட்டறையில உன்னச் சேத்து வுடறேன், வர்றியா?’ என்று கேட்டார். போக வேண்டுமென்று அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அப்பா எதிரே உட்கார்ந்து கேட்கிற பழக்கம் ஏது? அம்மாவிடம் சொன்னார். அம்மா கொழுந்தனிடம் சொன்னார். கொழுந்தன் நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றார். நாலு நாள் கழித்து, ‘அப்பா வேணாங்கிறாரு’ என்று பதில் வந்து சேர்ந்தது. அவர் ஏரைப் பிடித்துக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். போனவர் போனவர்தான்.

வருஷங்கள் ஓடின. கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தான். அப்பா உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். ஒருநாள் இவர் பக்கத்தில் உட்கார்ந்து சொம்பில் கஞ்சி புகட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெரியவர் பாதிக் கஞ்சியில் நிறுத்தி, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, ‘ஏண்டா, அந்தப் பெரம்பூர் வேலைக்கு நீ ஏன் போவல? நீயே வேணாம்னுட்டேன்னு சொன்னாங்களே. எனக்கு அது மனசுல ஒரு கொறயாவே கீதுடா’ என்றாராம்.

இவர் மீதிக் கஞ்சியைப் புகட்டி, வாயைத் துடைத்துவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். என் மாமியார் சொன்னார், ‘கழுவுன சொம்பையே கழுவிக்கினு இருந்தாரும்மா. நான் போயி வாங்கினாதான் வெச்சாரு.’

மரத்து மேலிருந்த தம்பிகள்கூடக் கீழே இறங்கி வந்துவிட்டார்கள். அந்த அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவருக்கும் நடுவே பாசத்தோடும் பயத்தோடும் நின்ற நல்லவர்கள், யார் மனமும் நோகக்கூடாதே என்று ஆளுக்கொரு பக்கம் பேசி, ஒரு வாழ்க்கையை வழி மாற்றிவிட்டார்கள். யாரை நோவது? அவர்களை நான் திட்ட மாட்டேன். ஆனால் அதே ‘வேண்டாம்’ இன்று என் வீட்டில், என் தலைமுறையில், எனக்காக வந்து உட்கார்ந்திருக்கிறதே! இதை இப்படியே விட்டால் நாளைக்கு என் நிலாவின் ஆசைக்கும் இதே பதில்தானே வந்து நிற்கும்? அவளுக்கு நான் என்ன சொல்வேன்? கேட்கவே இல்லையம்மா என்றா?

அதனால் மாமியாரிடம் கேட்டேன். ‘அத்தை, சாயங்காலம் மேடையில நான் பேசறேன். அவரும் வருவாரு. அங்க வெச்சே கேட்டுடட்டுமா?’ அவர் மசாலாக் கையோடு யோசித்தார். ‘மைக்குலதான பேசப் போற?’ ‘ஆமாம் அத்தை.’ ‘அப்பொ நீ மைக்காண்ட சொல்லு. மைக்கு அவராண்ட சொல்லிக்கும். நடுவுல ஒண்ணு கீதுல்ல, தப்பு இல்ல’ என்று தீர்ப்புக் கொடுத்தார்.

அருமையான தீர்ப்பு. ஆனால், அத்தை, என்னை மன்னிக்க வேண்டும். அதோ பெண்கள் பக்கத்தில் நிலாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களைப் பார்த்தே கேட்கிறேன், மன்னிக்க வேண்டும். நடுவில் ஒன்று இருந்ததால்தானே இத்தனையும் நடந்தது? கதவிடம் சொன்னேன், குழந்தையிடம் சொன்னேன், கணவரிடம் சொன்னேன். இந்த ஒன்றை மட்டும் மைக்கிடமும் சொல்ல எனக்கு மனமில்லை. தம்பி, இதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். டீச்சர், மேடை ஓரம்வரை போய் நின்று பேச எனக்கு அனுமதி தாருங்கள். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது உங்களிடம் கேட்கிற கேள்வி இல்லை.

மாமா.

மாமா, நான் செந்தாமரதான் கேக்குறேன். எனக்குப் பொழுது போவாம இல்ல. நீங்க வாங்கியாந்த மாடு நல்ல மாடு. எனக்கு அந்தக் கம்பெனி வேலைக்குப் போவணும்னு ரொம்ப ஆச. நாளைக்குக் காலையில பஸ்ஸு வரும். நான் ஏறட்டுமா? வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, போவமாட்டேன். ஆனா உங்க வாயால சொல்லுங்க மாமா.

…

பெரியப்பா, வேண்டாம், நீங்கள் எழுந்து ‘அவரு இன்னா சொல்றாருன்னா’ என்று ஆரம்பிக்காதீர்கள். தயவுசெய்து உட்காருங்கள். அவர் எழுந்திருக்கிறார் பாருங்கள். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். குழந்தையைத் தேடுகிறார். வேண்டாம் மாமா, அவள் பாட்டி மடியில் தூங்கிவிட்டாள். என்னிடமே சொல்லுங்கள்.

இன்னா மாமா?

பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்கிறார்.

ஆறு மணிக்கு மாமா.

…

உங்களுக்குக் கேட்டதா? பின்னால் நிற்கும் அண்ணன்மார்களுக்குக் கேட்டிருக்காது. நான் சொல்கிறேன், அவர் சொன்ன வார்த்தையில் ஒன்றைக்கூடக் கூட்டாமல், ஒன்றைக்கூடக் குறைக்காமல் சொல்கிறேன். ‘ஆறு மணின்னா இருட்டா இருக்குமேம்மா. நான் கூட வர்றேன்’ என்றார்.

என்னைப் பார்த்துச் சொன்னார்.

அவையோரே, எதுகை மோனையோடு ஒரு முடிவுரை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோய்விட்டது. எங்கள் தெருவிலிருந்து முனைக்கு நடக்க நல்ல தூரம் இருக்கிறது. அவர் முன்னால் போவாரா, பக்கத்தில் வருவாரா? என்ன பேசுவார்? லைனில் என்ன மிஷின் ஓடுகிறது என்று கேட்பாரா? இரும்பைப் பற்றிப் பேசுவாரா? நான் அவரிடம் முதலில் என்ன கேட்பது? மூன்று வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த ஒரு மனிதரை நாளைக்குத்தான் நான் அறிந்துகொள்ளப் போகிறேன். எப்போது விடியும் என்று இருக்கிறது எனக்கு.

பேச இடம் தந்த மன்றத்துத் தம்பிகளுக்கும், மணி அடிக்காமல் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், உங்கள் வீட்டுக் கதையையும் என் வீட்டுக் கதையாக எண்ணிச் சிரித்த தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வீட்டுக்குப் போனதும், இத்தனை நாளாக யாரிடமோ சொல்லி அனுப்பிக்கொண்டிருந்த ஒன்றை, உரியவரிடம் நீங்களே போய் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. வணக்கம், நான் போய்வருகிறேன். விடிகாலையில் எழ வேண்டும்.